புல் யாருக்கு? லைக்கிப்பியாவில் யானையும் மாடும் வேலியும்

ஆப்பிரிக்கக் காட்டுயிர் பற்றி நமக்கு வந்து சேரும் செய்திகளில் இரண்டு வகை அதிகம். துப்பாக்கி ஏந்திய மேய்ப்பர்கள், யானையும் காண்டாமிருகமும் வாழும் நிலத்துக்குள் ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிக்கொண்டு நுழைந்துவிட்டார்கள் என்பது ஒன்று. வெள்ளைக்காரப் பண்ணையார்கள் காட்டுயிரைக் காரணம் காட்டி, தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தவர்களின் நிலத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தைப் பற்றிய செய்தியாகவே இருக்கலாம். இரண்டிலும் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் படித்தவருக்கு அங்கே நடப்பது புரியவே புரியாது.

அந்த இடம் கென்யாவிலுள்ள லைக்கிப்பியா. காட்டுயிர்ப் பாதுகாப்பு, தனியார் நில உடைமை, மேய்ச்சல் உரிமை மூன்றும் மோதிக்கொள்ளும் இடங்கள் உலகில் நிறைய உண்டு. ஆனால் மூன்றும் இவ்வளவு வெளிப்படையாக, இவ்வளவு நெருக்கமாக நிற்கும் இடம் அபூர்வம். இந்தச் சிக்கலைப் புதிதாகப் புரிந்துகொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

கென்யா மலைக்கு வடமேற்கே பரந்து கிடக்கும் மேட்டுச் சமவெளி இது. நிலநடுக்கோடு இதன் வழியாகப் போகிறது. பரப்பு சுமார் 9,500 சதுர கிலோமீட்டர். மலையை ஒட்டிய தென்பகுதியில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். வடக்கே போகப் போக அது 400 மில்லிமீட்டர் வரை இறங்கிவிடும். லைக்கிப்பியாவுக்கும் அதன் வடக்கேயுள்ள சம்புருவுக்கும் இடையே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யானைகள் போய்வருகின்றன. உலகம் முழுவதும் மூவாயிரம் அளவில்தான் மிஞ்சியிருக்கும் கிரேவி வரிக்குதிரைகளில் பெரும்பாலானவை இதையும் சேர்த்த வடகென்யாவில்தான் வாழ்கின்றன. வடக்கத்தி வெள்ளைக் காண்டாமிருகத்தில் உயிரோடு எஞ்சியவை இரண்டே இரண்டு. நாஜின் என்ற தாயும் ஃபாத்து என்ற மகளும். அவை இருப்பதும் இங்கேயுள்ள ஓல் பெஜெட்டா காப்பகத்தில்தான்.

இவ்வளவு விலங்குகள் இருந்தும், மசாய் மாரா, அம்போசெலி போல அரசு நடத்தும் பெரிய சரணாலயம் எதுவும் லைக்கிப்பியாவில் கிடையாது. கென்யாவின் நிலப்பரப்பில் அரசின் பூங்காக்களும் சரணாலயங்களும் சேர்ந்தே 8 சதவீதம்தான். நாட்டின் காட்டு விலங்குகளில் ஏறக்குறைய 65 சதவீதம் அவற்றுக்கு வெளியேதான் வாழ்கின்றன. சட்டப்படி விலங்கு அரசுக்குச் சொந்தம், அது நிற்கும் புல் வேறு யாருக்கோ சொந்தம். சிக்கலின் முதல் முடிச்சு இதுதான்.

நிலம் கைமாறிய விதம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் பாதை போட்டு முடித்திருந்தார்கள். பாதை போன பிளவுப் பள்ளத்தாக்கில் நைவாஷா, நகுரு பக்கமெல்லாம் மசாய்களின் அருமையான மேய்ச்சல் நிலம். அதை வெள்ளைக் குடியேறிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. 1904 ஆகஸ்டில் மசாய் தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பள்ளத்தாக்கை விட்டு மசாய்கள் வெளியேற வேண்டும், அதற்குப் பதிலாக வடக்கே லைக்கிப்பியாவும் தெற்கே இன்னொரு பகுதியும் அவர்களுக்கு. மசாய் இனம் இருக்கும் வரை இந்த ஏற்பாடு நிலைக்கும் என்று அதில் எழுதியிருந்தது.

ஏழே ஆண்டுகள்தான் நிலைத்தது. 1911இல் இரண்டாவது ஒப்பந்தம் வந்தது. லைக்கிப்பியாவும் குடியேறிகளுக்குத் தேவைப்பட்டது. பல ஆயிரம் பேர், பெருங்கூட்டமான மாடுகள், செம்மறிகள், கழுதைகளோடு தெற்கே துரத்தப்பட்டார்கள். வழியில் மழையிலும் குளிரிலும் செத்தவை ஏராளம். மசாய்கள் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். 1913இல் அது தள்ளுபடியானது. நீதிமன்றம் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும்: மசாய்கள் பிரிட்டிஷ் குடிகள் அல்ல, அயல் அரசு போன்றவர்கள், எனவே இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை, இதை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. தன் நாட்டில், தன் நிலத்துக்காக வழக்குப் போட்டவனை அயலான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு படிக்கும்போதும் வயிறு எரிகிறது.

1915இல் வந்த நிலச் சட்டம் குடியேறிகளுக்கு 999 ஆண்டுக் குத்தகையைத் திறந்துவிட்டது. மசாய் மொழி பேசுவோருக்கு மிஞ்சியது வடகிழக்கு மூலையிலுள்ள முக்கோகோடோ என்ற வறண்ட பகுதி மட்டும். மழை மிகக் குறைவு, மண்ணும் மெல்லியது.

1963இல் கென்யா விடுதலை பெற்றபோது நிலம் பழைய கைகளுக்குத் திரும்பவில்லை. விற்பவர் விற்கலாம், வாங்குபவர் வாங்கலாம் என்ற வழியை அரசு எடுத்தது. பல பண்ணைகள் பழைய குடும்பங்களிடமே தங்கின. சில பண்ணைகளைப் புதுப் பணக்காரர்களும் அரசியல் செல்வாக்குள்ளவர்களும் வெளிநாட்டவரும் வாங்கினார்கள். இன்னும் சிலவற்றை நிலம் வாங்கும் கூட்டுறவுகளும் கம்பெனிகளும் வாங்கி, பெரும்பாலும் கிக்குயு மக்களாக இருந்த தங்கள் பங்குதாரர்களுக்குச் சில ஏக்கர் துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தன. அந்தத் துண்டுகளில் பல, விவசாயம் செய்ய முடியாத அளவுக்கு வறண்டவை. பத்திரம் கையில் இருக்கிறது, சொந்தக்காரர் அங்கே இல்லை, நிலம் சும்மா கிடக்கிறது. அப்படிச் சும்மா கிடக்கும் நிலத்தில் மேய்ப்பர்கள் மாடு விட ஆரம்பித்து இப்போது பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

இன்றைய வரைபடத்தில் ஒரே மாவட்டத்துக்குள் பல வகை நிலங்கள் கலந்து கிடக்கின்றன. ஐந்தில் இரண்டு பங்கு நிலம் சில டஜன் பெரும் பண்ணைகளிடமும் தனியார் காப்பகங்களிடமும் இருக்கிறது. முக்கோகோடோ பக்கம் சமூக நிலம். தெற்கிலும் மேற்கிலும் சிறு விவசாயிகள். நடுநடுவே ஆளில்லாத துண்டுகள். யானைக்கு இந்தக் கோடுகள் எதுவும் தெரியாது. மாட்டுக்கும் தெரியாது.

2004 ஆகஸ்டில், முதல் ஒப்பந்தம் போட்டு நூறு ஆண்டு நிறைந்தபோது, குத்தகைக் காலம் 99 ஆண்டுதான், அது முடிந்துவிட்டது என்று சொல்லி மசாய்கள் பண்ணைகளுக்குள் மாடுகளை ஓட்டினார்கள். அரசு 999 ஆண்டு என்ற கணக்கைக் காட்டியது. போலீஸ் சுட்டதில் முதியவர் ஒருவர் இறந்தார். 2010இல் வந்த புதிய அரசியல் சாசனம், வெளிநாட்டவர் யாரும் 99 ஆண்டுகளுக்கு மேல் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்க முடியாது என்று சொன்னது. அதற்கு மேலிருந்த குத்தகைகள் தாமாகவே 99 ஆண்டாகச் சுருங்கின.

மாடு ஏன் நடக்கிறது

மேய்ப்பரின் பக்கத்தைப் புரிந்துகொள்ள மழையிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுகிய மழை. பெய்தாலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பெய்யாது. இந்தக் குன்றுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் தூறல்கூட இருக்காது. பத்து கிலோமீட்டர் தள்ளி முழங்கால் அளவு புல் நிற்கும்போது உங்கள் பட்டியைச் சுற்றி வெறும் செம்மண்.

இப்படிப்பட்ட ஊரில் "எனக்கு ஐநூறு ஏக்கர் இருக்கிறது" என்பதற்குப் பெரிய அர்த்தமில்லை. அந்த ஐநூறு ஏக்கரில் இந்த ஆண்டு மழை பெய்ததா என்பதுதான் கேள்வி. அதனால்தான் மேய்ப்பர் வாழ்க்கை நிலத்தைச் சொந்தமாக்குவதை நம்பி அமையவில்லை. தேவைப்படும்போது இன்னோர் இடத்துக்குப் போக முடிவதை நம்பி அமைந்தது. கறவை மாடுகள் சில வீட்டுப் பக்கம் நிற்கும், குழந்தைகளுக்குப் பால் வேண்டுமே. நடக்க முடியாத கன்றுகளுக்கென்று பட்டிக்கு அருகிலேயே ஒரு புல்வெளியை ஒதுக்கி வைப்பார்கள். மசாய்கள் அதை ஓலோபோலோலி என்பார்கள். பெரிய மாடுகள் அதில் வாய் வைக்கக் கூடாது. மற்ற மந்தையை இளைஞர்கள் ஓட்டிக்கொண்டு போவார்கள். எந்தப் பள்ளத்தாக்கைக் கோடைக்கென்று விட்டுவைப்பது, எந்த ஆற்றோரம் யாருக்கு முதலில் என்பதையெல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள்.

அப்புறம், ஏன் இவ்வளவு மாடுகள்? பாதியைக் குறைத்து நல்ல மாடாக வைத்துக்கொள்ளக் கூடாதா? வெளியிலிருந்து பார்க்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வறட்சி வந்தால் மந்தையில் பாதி செத்துப்போவது அங்கே வழக்கமாக நடக்கிற ஒன்று. அறுபது வைத்திருந்தவனுக்கு முப்பது மிஞ்சும், அதிலிருந்து மீண்டு எழலாம். பத்து வைத்திருந்தவனுக்கு ஐந்துதான் மிஞ்சும், குடும்பம் மூழ்கிவிடும். வங்கியும் காப்பீடும் எட்டாத ஊரில் மாட்டின் எண்ணிக்கைதான் காப்பீடு.

1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ஒரு வாதத்தை வைத்தார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் கூடுதலாக ஒரு மாட்டை விடத்தான் பார்ப்பார்கள், லாபம் அவருக்கு, நட்டம் எல்லோருக்கும், கடைசியில் நிலம் அழியும் என்றார். நிலத்தை யாருக்காவது சொந்தமாக்கி வேலி போடுவதே சரி என்று நினைத்தவர்களுக்கு இது பெரிய ஆயுதமாகிவிட்டது. ஆனால் அவர் கற்பனை செய்த மேய்ச்சல் நிலத்தில் பெரியவர்கள் இல்லை, கோடைக்கு ஒதுக்கிய பள்ளத்தாக்கு இல்லை, கன்றுக்குப் புல்வெளி இல்லை. விதியே இல்லாத ஒரு வெற்றிடம் அது. பொதுவளங்களை மக்கள் விதி வகுத்துக் காப்பாற்றும் விதத்தை உலகெங்கும் ஆராய்ந்த எலினார் ஓஸ்ட்ரோமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. கென்யாவில் மேய்ப்பர் நிலங்களைக் குழுப் பண்ணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எல்லை போட்டுப் பதிவு செய்யும் சட்டம் வந்ததும் அதே 1968இல்தான். கோடு போட்ட பிறகு, பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போவது என்பது பக்கத்துக் குழுவின் நிலத்தில் நுழைவது என்றாகிவிட்டது.

மாடு தின்றால் வரிக்குதிரை பட்டினியா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கு லைக்கிப்பியாவிலேயே சோதித்துக் கண்ட பதில் இருக்கிறது.

ம்பாலா ஆய்வு மையம் என்ற இடத்தில் 1995 முதல் ஒரு சோதனை நடக்கிறது. கரிசல் மண்ணும் முள் அக்கேசியாவும் நிறைந்த சமவெளியில் 18 துண்டுகள், ஒவ்வொன்றும் 200 மீட்டருக்கு 200 மீட்டர். சில துண்டுகளில் எந்த விலங்கும் நுழைய முடியாது. சிலவற்றில் மாடு மட்டும். சிலவற்றில் காட்டு விலங்கு மட்டும். சிலவற்றில் எல்லாமே. சில துண்டுகளுக்கு மின்கம்பியைத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் மட்டும் கட்டியிருக்கிறார்கள். வரிக்குதிரையும் மானும் கம்பிக்குக் கீழே சாதாரணமாகப் போய்விடும். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மட்டும் வெளியே நின்றுவிடும். எந்த விலங்கு இல்லாவிட்டால் புல்லுக்கு என்ன ஆகிறது என்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க இப்படி ஓர் ஏற்பாடு.

வில்ஃபிரெட் ஒடாடி என்ற கென்ய ஆய்வாளரும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட முடிவு இது: கோடையில், வரிக்குதிரை போன்றவற்றோடு சேர்ந்து மேய்ந்த மாடுகள் எடை போடுவது குறைந்தது. அங்கே போட்டி உண்மை, மேய்ப்பர் சொல்வது வெறும் பேச்சல்ல. ஆனால் மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். காட்டு விலங்குகளோடு சேர்ந்து மேய்ந்த மாடுகள், தனியாக மேய்ந்தவற்றைவிட அதிகம் எடை போட்டன. வரிக்குதிரையின் வயிறு முரட்டுப் புல்லைத் தாங்கும். அது காய்ந்த தண்டுகளைத் தின்று தள்ளிவிடுவதால் கீழிருந்து தளிர் எழும்புகிறது, புரதம் மிகுந்த அந்தத் தளிர் மாட்டுக்குக் கிடைக்கிறது.

மறுபக்கமும் உண்டு. மாடுகளை இரவில் முள்வேலிப் பட்டியில் அடைப்பார்கள். சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி எல்லாம் உள்ள ஊர். பட்டியை விட்டுப் போன பிறகு அங்கே சாணமும் மூத்திரமும் மட்கிக் கிடக்கும். அந்த வட்டத்தில் முளைக்கும் புல்லில் சத்து அதிகம். பல பத்தாண்டுகள் கழித்தும் மரமில்லாத பசும்புல் திட்டாக அது நிலைத்திருக்கும், மான்களும் வரிக்குதிரைகளும் அங்கேதான் கூடும். கிடை போட்ட வயல் எப்படி விளையும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காட்டுயிரைப் பார்க்க வரும் பயணிகள் வாய் பிளந்து படம் எடுக்கும் பல புல்வெளிகள், பழைய மேய்ப்பர்களின் மாட்டுப் பட்டிகள் இருந்த இடங்கள்.

இதைத் தெரிந்துகொண்ட சில காப்பகங்கள் தாமே மாடு வளர்க்கின்றன. ஓல் பெஜெட்டாவில் காண்டாமிருகமும் மாட்டு மந்தையும் ஒரே நிலத்தில் மேய்கின்றன. அங்கே இரும்பு வேலியால் ஆன பட்டிகளைக் கழற்றிக் கழற்றி இடம் மாற்றி நடுகிறார்கள். அதே காப்பகத்தின் வடக்கு வேலியில் விலங்குகள் போய்வர இடைவெளிகள் உண்டு. அந்த இடைவெளிகளில் முழங்கால் உயரத்துக்கு நெருக்கமாகக் குட்டைக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். யானை காலைத் தூக்கித் தாண்டிப் போய்விடும், மற்றவையும் எப்படியோ கடந்துவிடும். காண்டாமிருகத்துக்கு அந்தத் தாண்டல் வராது, உள்ளேயே தங்கிவிடும். வேட்டைக்காரர்களிடமிருந்து அதைக் காப்பாற்ற அது அங்கேயே இருக்க வேண்டும். விலங்கு பார்த்துத் திறக்கும் வேலியை மனிதரால் செய்ய முடிகிறது.

ஆகவே, புல்லைப் பொறுத்தவரை மாடும் காட்டு விலங்கும் பரம எதிரிகள் அல்ல. எவ்வளவு மாடு, எவ்வளவு நாள், எந்தப் பருவம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சண்டை கோடையில்தான் வெடிக்கிறது, அதுவும் "இப்போது உள்ளே வரலாமா கூடாதா" என்பதை யார் சொல்வது என்ற இடத்தில்.

வறட்சியும் துப்பாக்கியும்

2016 பிற்பகுதியில் மழை பொய்த்தது. 2017 ஆகஸ்டில் தேர்தல். வடக்கிலிருந்து சம்புரு, பொக்கோட் மேய்ப்பர்கள் பல்லாயிரம் மாடுகளோடு தெற்கே இறங்கி, லைக்கிப்பியாவின் பண்ணைகளுக்குள் வேலியை வெட்டி நுழைந்தார்கள். பலரிடம் ஏ.கே.-47 இருந்தது. யானைகளும் வரிக்குதிரைகளும் சுடப்பட்டன, சுற்றுலா விடுதிகள் எரிந்தன. மார்ச் மாதம் ஒரு பண்ணையின் உரிமையாளர்களில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இவைதான் உலகச் செய்தியாயின. அதே மாதங்களில் சிறு விவசாயிகளின் சோளக்கொல்லைகள் மேய்ந்து அழிக்கப்பட்டதும், சில கிராமங்கள் காலியானதும், முக்கோகோடோவின் மேய்ப்பர்கள் தாங்கள் கோடைக்கென்று காத்து வைத்திருந்த புல்லை வெளியூர் மந்தைகளிடம் இழந்ததும் அவ்வளவாக வெளியே வரவில்லை.

அந்த மாடுகள் எல்லாமே ஏழை மேய்ப்பனின் மாடுகளா என்றும் கேட்க வேண்டும். இல்லை. நகரத்தில் வாழும் அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் வியாபாரிகளும் பணத்தை மாட்டில் போட்டு வைக்கிறார்கள். கூலிக்கு ஆள் வைத்து மேய்க்கிறார்கள், துப்பாக்கியும் அவர்கள் வழியாக வருவதாகப் பலமுறை குற்றச்சாட்டு எழுந்திருக்கிறது. இப்படிப்பட்ட மந்தைக்குப் பெரியவர்களின் விதி பொருந்தாது. ஓலோபோலோலியை மதிக்கும் கட்டாயம் அதற்கு இல்லை. தேர்தல் சமயத்தில் "வெள்ளைக்காரன் குத்தகை முடிந்துவிட்டது, நிலம் உங்களுடையது" என்று மேடையில் சொல்வது எளிது. 1911இல் நடந்த அநியாயம் உண்மையானது என்பதால்தான் அந்தப் பேச்சு எடுபடுகிறது. ஆனால் அதைப் பேசுபவருக்கு மந்தை தெற்கே இறங்குவதில் சொந்த லாபம் இருந்தால், அந்த அநியாயத்துக்கு நீதி கேட்பவராக அவரை என்னால் பார்க்க முடியவில்லை.

பண்ணைகளின் பக்கம் நிற்பவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் மாடுகளோடு சேர்ந்து காய்ந்துகொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் நிற்கும் புல்லை எத்தனை காவலர்களை வைத்துக் காக்க முடியும்? 2020 அக்டோபரில் தொடங்கி ஐந்து மழைப்பருவங்கள் வரிசையாகப் பொய்த்தன. 2022இல் கென்யாவில் ஒன்பது மாதங்களில் 205 யானைகளும் 49 கிரேவி வரிக்குதிரைகளும் வறட்சியில் செத்ததாக அரசே கணக்குக் கொடுத்தது. செத்த மாடுகள் லட்சக்கணக்கில். வறட்சி ஆளைப் பார்த்து அடிக்கவில்லை.

கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. அன்றிலிருந்து, நிலத்தில் விலங்கு நிற்பதால் ஒருவருக்குக் காசு வர வேண்டுமானால் சுற்றுலா அல்லது நன்கொடை மூலமாகத்தான் வர வேண்டும். பெரிய காப்பகத்துக்கு அது வருகிறது. ஆட்டைச் சிறுத்தை கொண்டுபோன வீட்டுக்கு எதுவும் வருவதில்லை. 2013 சட்டப்படி விலங்கால் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 50 லட்சம் கென்ய ஷில்லிங் இழப்பீடு. காகிதத்தில் பெரிய தொகைதான். கைக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

சப்பாத்திக்கள்ளி

இடையில் இன்னொரு எதிரி இருக்கிறது, நமக்கு நன்றாகத் தெரிந்தது. நம் ஊர் வேலியோரங்களில் பார்க்கும் அதே சப்பாத்திக்கள்ளி. அமெரிக்காவிலிருந்து காலனிக் காலத்தில் லைக்கிப்பியாவுக்கு வந்து, டோல்டோல் பக்கமுள்ள சமூக நிலங்களில் பரந்துவிட்டது. புல் மேய்ந்து தேய்ந்த மண்ணில் அது சுலபமாக வேர் பிடிக்கும். பழத்தை யானையும் பபூன் குரங்கும் தின்று விதையை ஊரெங்கும் தூவும். பசி தாங்காமல் ஆடுமாடும் அந்தப் பழத்தைத் தின்னும்போது நுண்ணிய முட்கள் வாயிலும் நாக்கிலும் குடலிலும் குத்திப் புண்ணாகும். கண்ணில் ஏறினால் குருடாகும். கள்ளி படர்ந்த இடத்தில் புல் இல்லை, புல் இல்லாததால் மிச்ச இடத்தில் மாடு இன்னும் நெருக்கி மேய்கிறது, அந்த இடமும் தேய்ந்து கள்ளிக்கு வழி விடுகிறது.

தென்னிந்தியாவில் இந்தக் கள்ளியை அடக்கியது ஒரு சிறு பூச்சி. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கொச்சினீல் பூச்சி கள்ளிச் சாற்றை உறிஞ்சி, பெரும் புதர்களையே காய வைத்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக லைக்கிப்பியாவிலும் அதே பூச்சியைப் பெருக்கிக் கள்ளியில் விட்டுவருகிறார்கள். பூச்சி வேலை செய்கிறது. ஆனால் கள்ளி செத்த இடத்தில் புல் திரும்ப வேண்டுமானால் அந்த மண்ணுக்கு ஒரு மழைக்காலமாவது ஓய்வு வேண்டும். ஓய்வு கொடுக்க, மாட்டைக் கொண்டுபோய் விட வேறோர் இடம் வேண்டும்.

செய்து பார்த்தவை

வேறோர் இடம் என்றால் அக்கம்பக்கத்தில் இருப்பவை பெரும் பண்ணைகளும் காப்பகங்களும்தான். சில காப்பகங்கள் கோடையில் சுற்றுப்புற மேய்ப்பர்களின் மாடுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு, எண்ணிக்கையும் நாளும் பேசி உள்ளே விடுகின்றன. சிலர் மேய்ப்பரின் மாட்டை வாங்கிக் கொழுக்க வைத்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். ஒப்பந்தத்தை மதித்து மேய்த்தால் அடுத்த ஆண்டும் இடம் உண்டு. இந்த ஏற்பாடு நடக்கும் பகுதிகளில் அண்டை வீட்டுக்காரன் வேலியை வெட்ட யோசிப்பான், வெளியூர் மந்தை வந்தால் முதலில் தகவல் சொல்பவனும் அவனாக இருப்பான். எனக்கு இதில் ஒரே குறை, இது பெரும்பாலும் உரிமையாளரின் நல்ல மனதைப் பொறுத்து நிற்கிறது. புது மேலாளர் வந்து வேண்டாம் என்றால் முடிந்தது. புல் தீர்ந்த பிறகு அவசரமாகப் பேசுவதற்குப் பதிலாக, மழை இருக்கும்போதே எத்தனை மாடு, எந்த வழி, எந்தத் தண்ணீர், எத்தனை நாள் என்று எழுதிப் பதிவு செய்த மேய்ச்சல் உரிமையாக அது மாற வேண்டும். பத்திரம் வைத்திருப்பவருக்கு இதில் நட்டம் என்று நான் நினைக்கவில்லை.

சமூகக் காப்பகம் என்பது இன்னொரு வழி. மேய்ப்பர்களே தங்கள் பொதுநிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்கு ஒதுக்கி, விடுதி நடத்தி, வருமானத்தைப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் செலவிடுவது. முக்கோகோடோவின் இல் ங்வேசியில் 1996இல் அப்படி ஒரு விடுதி திறந்தார்கள், மசாய்களே நடத்துகிறார்கள். 2004இல் தொடங்கிய வடக்கு மேய்ச்சல்நில அறக்கட்டளை, வடகென்யா முழுவதும் இப்படிப்பட்ட காப்பகங்கள் பலவற்றை ஒன்று சேர்த்தது. நல்லது நடந்த இடங்கள் உண்டு. எங்களைக் கேட்காமலே எங்கள் நிலத்தைக் காப்பகமாக்கிவிட்டார்கள், ஆயுதம் தாங்கிய காவலர்களை நிறுத்தி மேய்ச்சலைத் தடுக்கிறார்கள் என்று கொதித்த இடங்களும் உண்டு. பக்கத்து இசியோலோ மாவட்டத்தில் பிலிக்கோ புலேசா, செராப் என்ற இரண்டு காப்பகங்கள் சட்டப்படி அமைக்கப்படவில்லை என்று 2025 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சமூகத்தின் ஒப்புதலை முறையாகப் பெறவில்லை என்பதுதான் வழக்கின் மையம்.

அந்த ஒப்புதலை யாரிடம் வாங்க வேண்டும் என்பதை 2016இல் வந்த சமூக நிலச் சட்டம் சொல்கிறது. 1968இன் குழுப் பண்ணைகளில் உறுப்பினராகப் பதிவானவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவர்களான ஆண்கள். சில பேர் கையெழுத்தில் நிலம் கைமாறிவிடும். புதிய சட்டப்படி சமூகத்திலுள்ள வயது வந்த எல்லோரும் சபையின் உறுப்பினர்கள், பெண்களும் இளைஞர்களும் உட்பட. நிலத்தை மற்றவருக்குக் கொடுப்பது போன்ற பெரிய முடிவுகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும். பதிவு வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனாலும் பதிவு முடிந்த சமூகத்தில் ஒரு விடுதிக்கு இடம் கொடுப்பதா, எந்தப் பள்ளத்தாக்கைக் கோடைக்கு வைப்பது என்று சபை கூடும்போது, வீட்டில் பால் கறப்பவர்களும் இப்போது கை தூக்கலாம்.